பெருக்கல் குறி மறையும் நேரம்

பிப்ரவரி 3, திங்கள்

மீன்தீனி கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. ஒரு மாதமாகக் கல்லாவுக்கு அடியில் கிடந்தது. இன்றைக்கு எடுத்து எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. விஞ்ஞானம் என் கடைக்கு வந்திருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி. வேதகிரி, வண்ணமீன் கடை, கொளத்தூர். இருபத்திரண்டு வருடமாக. எட்டாம் வகுப்பு வரை நான் பள்ளிக்கூடத்தைத் தாங்கினேன். அதற்குமேல் பள்ளிக்கூடத்தால் என்னைத் தாங்க முடியவில்லை. ஆனால் மீன் விஷயத்தில் டாக்டர் பட்டம் கொடுப்பதாக இருந்தால் எனக்கு இரண்டு கொடுக்க வேண்டும். பெருவெள்ளத்தின்போது என் அரோவானா ஒன்று செங்குன்றம் ஏரி வரை நீந்திப் போய், நான் கரையில் நின்று கூப்பிட்டதும் திரும்பி வந்தது. அதைப் பூனை தின்றுவிட்டது என்று என் மனைவி பாக்கியம் சொல்லுவாள். அவள் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் மகள் யுவராணி இன்று கடைக்கு வந்தாள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, கடைசி வருடம்.

"சித்தப்பா, உன்கிட்ட ஹைப்போ இருக்குமா?"

என்னிடம் ஹைப்போ இருக்குமா! குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மீன் செத்துப்போகும். கற்கண்டு மாதிரி இருக்கிற ஹைப்போவை நாலு கல் போட்டால் குளோரின் ஓடிவிடும். சென்னையில் பாதி மீன்கள் உயிரோடிருப்பது என் மூட்டையால்தான்.

"ஒரு மூட்டை இருக்கு. எதுக்கும்மா? மீன் வளக்கப் போறியா?"

"ப்ராஜெக்ட் சித்தப்பா. மழையில காலேஜ் லேபு சீலிங் பேந்து உழுந்துடுச்சு. பூட்டிட்டாங்க. அவங்கவங்க வெளிய எங்கயாச்சும் செஞ்சுக்கங்கன்னு ஹெப்சிபா மேடம் சொல்லிட்டாங்க. உங்க மொட்டை மாடி காத்தோட்டமா இருக்கும்ல?"

ஹைப்போத் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினால் மெல்ல மெல்லப் பால் மாதிரி ஆகுமாம். உள்ளே கந்தகம் திரிகிறதாம். ஹைப்போவைக் குறைக்கக் குறைக்க அது எவ்வளவு மெதுவாகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு 'ஆர்டர்' என்று பெயர். அவள் விரல் விட்டுச் சொன்னாள்: "ஹைப்போவைப் பாதியாக்கினா வேகமும் பாதியாச்சுன்னா ஆர்டர் ஒண்ணு. கால்வாசியாச்சுன்னா ரெண்டு. வேகம் மாறவே இல்லன்னா சைபர்."

"இதுல எது?"

"புக்குல ஒண்ணுன்னு இருக்கு. ஆனா புக்கைப் பாத்து எழுதக் கூடாது, ரீடிங்லேர்ந்து வரணும்னு மேடம் ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாங்க. மார்ச் மூணாந்தேதி வைக்கலன்னா ஒரு வருஷம் போச்சு. அம்பத்தூர்ல தண்ணி டெஸ்ட் பண்ற கம்பெனியில வேலை சொல்லிருக்காங்க சித்தப்பா. டிகிரி கையில இருந்தாதான்."

என் வீட்டு மாடி, என் ஹைப்போ, நான் இருக்கும்போது ஒரு வருஷம் எப்படிப் போகும் என்று கேட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றினேன். கண்ணாடியெல்லாம் பாசி படிந்து ஒரே மங்கல். மூன்று முறை தேய்த்தும் போகவில்லை. பாக்கியம் வந்து பார்த்து, "பளிச்சுனு இருக்கே, இன்னாத்த தேய்க்கிற?" என்றாள். அவளுக்குப் பாசியைப் பற்றி என்ன தெரியும்.

தெருமுனையில் இலவசக் கண் முகாமாம். நோட்டீஸ் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பின்பக்கம் வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது. சோதனைக்குத் தேவையான பெருக்கல் குறியை அதில்தான் போட்டேன். கறுப்பு மார்க்கரில், இரண்டே இழுப்பில். இவ்வளவு நேரான பெருக்கல் குறியைக் கல்லூரியிலேயே பார்த்ததில்லை என்று யுவராணி போனில் சொன்னாள். சொல்லவில்லை. சொல்லியிருப்பாள்.

பிப்ரவரி 8, சனி

முதல் சோதனை. காலை பத்து மணி, மொட்டை மாடி.

ஏற்பாடு இதுதான். கீழே நோட்டீஸ். அதன்மேல் கண்ணாடிக் குடுவை. குடுவையில் ஹைப்போத் தண்ணீர். மேலேயிருந்து குனிந்து பார்த்தால் பெருக்கல் குறி தெரியும். யுவராணி அமிலத்தை ஊற்றியதும் ஸ்டாப்வாட்சை அழுத்துவாள். தண்ணீர் கலங்கிக் குறி மறைந்ததும் பார்க்கிறவர் கத்த வேண்டும். பார்க்கிற வேலைக்கு ஆள் வேண்டும் என்றாள். பத்தடி தூரத்திலிருந்து கப்பி மீனில் ஆண் எது, பெண் எது என்று சொல்லுகிற கண் இது என்றேன். மெரினாவில் பலூன் சுடுகிறவர்கள் என்னைப் பார்த்தால் கடையை மூடிவிடுவார்கள். சுடுகிறவன் ஒற்றைக் கண்ணால்தான் பார்ப்பான், இரண்டையும் திறந்தால் குறி தப்பும் என்று அவளுக்கு விளக்கினேன்.

"எப்டியோ பாரு சித்தப்பா. மறைஞ்சதும் டக்குனு சொல்லணும், அவ்ளோதான்."

ஐம்பது மில்லி ஹைப்போவில் ஆரம்பித்து நாற்பது, முப்பது, இருபது, பத்து. குறைகிற அளவுக்குத் தண்ணீர் சேர்த்து மொத்தம் எப்போதும் ஒன்றே. அமிலமும் ஒரே அளவு. முதல் மூன்றும் சீக்கிரம் முடிந்தன, இடது கண்ணால் பார்த்தேன். அடுத்த இரண்டும் நீண்ட நேரம் எடுக்கும், வெயிலில் இடது கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு வலது கண்ணுக்கு மாற்றினேன். ஒரே கண்ணை வேலை வாங்குவது நியாயமில்லை.

"போச்சு!" என்று ஐந்து முறை கத்தினேன். இருபத்துநாலு விநாடி, முப்பத்தொன்று, நாற்பது, நாற்பத்தைந்து, தொண்ணூற்றொன்று.

நடுவில் கீழ்வீட்டுக்காரர் படிக்கட்டில் நின்று, "யாருப்பா மேல, தீபாவளி முடிஞ்சு எத்தினி மாசமாவுது!" என்று கத்தினார். தீக்குச்சி மருந்து வாசனை. விஞ்ஞானம் சார் என்றேன். மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மரியாதை தெரிந்தவர்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கடையில் கூட்டம். முந்தாநாள் தங்கமீன் வாங்கின பேங்க் ஆபீசர் பையோடு திரும்பி வந்தார். மீன் உடம்பெல்லாம் வெள்ளைப்புள்ளியாம். "வாங்கும்போதே இருந்திருக்கும், நீங்க பாக்கலையா?" என்று கேட்டார். ஸ்கூட்டரில் போகும்போது எதிர்க்காற்றில் வந்திருக்கும் என்று சொல்லி வேறு மீன் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேங்க்காரர்களே அப்படித்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

யுவராணி கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். முகம் சரியில்லை.

"இங்க பாரு சித்தப்பா. பாதியாக்கினா நேரம் ரெண்டு மடங்காகணும். இருவதுலேர்ந்து பத்துக்கு வந்தா நாப்பத்தஞ்சு, தொண்ணூத்தொண்ணு. கரெக்டா ஆவுது. ஆனா நாப்பதுலேர்ந்து இருவதுக்கு வந்தா முப்பத்தொண்ணு அறுபத்தி ரெண்டாகணும்ல? நாப்பத்தஞ்சுதான் ஆவுது. மொத்தமா கோடு போட்டா பாயிண்ட் எட்டு வருது."

"எண்பது மார்க்கு. நல்ல மார்க்குதானே?"

"ஐயோ, மார்க் இல்ல சித்தப்பா. கோட்டோட சாய்வு. அதுதான் ஆர்டர். பாயிண்ட் எட்டு வந்தாலும் வரட்டும், எல்லாப் புள்ளியும் ஒரே கோட்டுல வரணும், உன்னுது நடுவுல ஒடியுதுன்னு மேடம் சொல்றாங்க."

ஒடிந்த கோட்டைப் பார்த்தேன். முதல் மூன்று புள்ளிகள் ஒரு வரிசை. கடைசி இரண்டு தனியாக ஒரு வரிசை. கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனவர்கள் மாதிரி.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று ஒரு பெரிய அவமானம். யுவராணி என் ஹைப்போவைச் சந்தேகப்பட்டாள்.

"தப்பா எடுத்துக்காத. மீனுக்குப் போடறது கொஞ்சம் கலப்படமா இருக்கும்னு மேடம்..."

"என் மூட்டையில கலப்படமா? உங்க மேடத்த இங்க வரச் சொல்லு. தொட்டியில கைய உட்டு எந்த மீனையாவது கேக்கச் சொல்லு!"

பாக்கியம் உள்ளேயிருந்து, "கத்தாத, மீனுங்க பயப்படுது" என்றாள். கல்லூரியிலிருந்து சுத்தமான ஹைப்போ ஒரு பாட்டில் வரப்போகிறது. வரட்டும்.

பிப்ரவரி 15, சனி

இரண்டாவது சோதனை. பாட்டில் ஹைப்போ. வெயில் மாறுவதால்கூட இருக்கலாம் என்று தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்தோம். முறை மாறக் கூடாது என்பதால் நானும் அதே மாதிரி, முதல் மூன்றுக்கு இடது, பிறகு வலது.

இருபத்துநாலு, முப்பது, நாற்பத்தொன்று, நாற்பத்தாறு, தொண்ணூறு.

என் மூட்டையும் அவர்கள் பாட்டிலும் ஒன்றுதான் என்று நிரூபணமாகிவிட்டது. இதைப் பெரிய தாளில் எழுதிக் கடையில் ஒட்டப் போகிறேன். ஆனால் யுவராணி சந்தோஷப்படவில்லை. மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மில்லியையும் விநாடியையும் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆர்டர் ஒண்ணுன்னா இந்தப் பெருக்கல் எல்லாத்துக்கும் ஒரே நம்பர் வரணும் சித்தப்பா. முதல் மூணும் ஆயிரத்தி எரநூறு, ஆயிரத்தி எரநூறு, ஆயிரத்தி எரநூத்தி முப்பது. கடைசி ரெண்டும் தொள்ளாயிரத்தி இருவது, தொள்ளாயிரம். ரெண்டு பேர் மாத்தி மாத்திப் பாத்த மாதிரியே இருக்கு."

"நான் ஒருத்தன்தான் பாத்தேன்" என்றேன்.

"தெரியும். அப்ப நாந்தான் தப்பா அளக்கறேன். கம்மி அளவு வந்தா என் கை நடுங்குது போல. மூணு வருஷம் படிச்சும் பத்து மில்லி அளக்கத் தெரியல."

அவள் கை நடுங்கவில்லை. நான் பார்த்தேன். எனக்குத் திடீரென்று வேர்த்தது. பிப்ரவரியிலேயே இந்த வெயில்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சாயங்காலம் கடை வாசலில் நின்றபோது, வேறு வேலை இல்லாததால், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் தெருவிளக்கைப் பார்த்தேன். பிறகு மாற்றிப் பார்த்தேன். இடது கண்ணுக்கு விளக்கு. வலது கண்ணுக்கு விளக்கைச் சுற்றி ஒரு பெரிய வளையம், கோயில் படத்தில் சாமி தலைக்குப் பின்னால் இருக்குமே, அது மாதிரி. மாசிப் பனி. இந்த வருஷம் பனி ஒரு பக்கமாக இறங்குகிறது.

போன வருஷப் பொங்கலுக்கும் இப்படித்தான் இறங்கியது.

பிப்ரவரி 19, புதன்

முகாம் இன்றோடு முடிகிறது என்று பாக்கியம் சொன்னாள். கடையில் வேலை இருக்கிறது என்றேன். வேலை இல்லை.

கண்ணில் கத்தி வைப்பார்களாம். நான் மீனுக்கே கத்தி வைக்காதவன். அதோடு, கண் தெரியாத மீன்காரனிடம் எவன் மீன் வாங்குவான்?

இதைப் பொதுவாகத்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 22, சனி

மூன்றாவது சோதனை. மாபெரும் வெற்றி!

இந்த முறை ஒவ்வொரு அளவையும் மூன்று தடவை செய்தோம். இன்று என் கண்கள் அபாரமாக ஒத்துழைத்தன. அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கின கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனது நல்லதாயிற்று. குடுவைக்குப் பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டால் முதுகு வலிக்காது, முள்ளும் நேர் எதிரே தெரியும்.

இருபது மில்லிக்கு அறுபது, அறுபது, அறுபது. பத்து மில்லிக்கு நூற்றிருபது, நூற்றிருபது, நூற்றிருபது.

யுவராணி குதித்தாள். "சித்தப்பா! ஒண்ணு! ஒண்ணு வந்துடுச்சு!" என்று என் கையைப் பிடித்து ஆட்டினாள். அவள் ஆறு வயதில் மீன்தொட்டிக்குள் கைவிட்டு நண்டு கடித்தபோதுகூட என் கையை இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கவில்லை. மேடத்திடம் திங்கட்கிழமையே காட்டப் போகிறாளாம்.

பாக்கியம் எல்லோருக்கும் கேசரி கிண்டினாள். எனக்குத்தான் ஏனோ அவ்வளவாக இறங்கவில்லை. நெய் கம்மி.

பிப்ரவரி 25, செவ்வாய்

மதியம் யுவராணி வந்தாள். கடைக்குள் வராமல் வெளியே ஏஞ்சல் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. நோட்டை நீட்டினாள். பக்கம் முழுவதும் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு.

"மூணு தடவையும் நூத்தி இருவதா, இது மனுஷக் கண்ணா மிஷினான்னு கேட்டாங்க. புக்கைப் பாத்து நீயே எழுதிட்டேன்னு சொல்றாங்க. நான் கை வைக்கல மேடம், ஸ்டாப்வாட்ச்ல வந்ததுதான்னு சொன்னேன். நம்பல சித்தப்பா. தப்பு வந்தா தப்புன்னு எழுதியிருந்தாக்கூட பாஸ் போட்டிருப்பேன், பொய் ரீடிங்குக்குப் போட மாட்டேன்னுட்டாங்க."

நான் ஏதோ சொன்னேன். அந்த மேடத்துக்கு இவ்வளவு நல்ல கண்ணைப் பார்த்துப் பழக்கமில்லை என்ற மாதிரி.

"நீ சும்மா இரு சித்தப்பா" என்றாள். கோபமாகக்கூட இல்லை. "மூணு வருஷத்துல ஒரு ரீடிங்கூட நான் மாத்தினதில்ல. அவங்களுக்கும் தெரியும். அதான் எனக்குத் தாங்கல."

அப்படியே போய்விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பிப்ரவரி 26, புதன்

தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றினேன். எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

நிறைய எழுத வேண்டும்.

காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். யுவராணியிடம் சொல்லவில்லை. வாட்ச்மேனிடம், மீன்வளத்துறையிலிருந்து வருகிறேன் என்றேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

ஹெப்சிபா மேடம் வராண்டாவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். லேபு பூட்டியிருப்பதால் அதுதான் இப்போது டிபார்ட்மெண்டு. நெட்டையான அம்மா, கண்ணாடி கயிற்றில் தொங்கியது. பக்கத்தில் யுவராணியும் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "சித்தப்பா, நீ எங்க இங்க?" என்று பதறினாள்.

"நீங்க யாரு?" என்றார் மேடம்.

"இவளோட ப்ராஜெக்ட்ல குறியப் பாத்தது நான்தாங்க மேடம். வேதகிரி. கொளத்தூர்ல கேட்டுப் பாருங்க, இந்தக் கண்ணு..."

வழியெல்லாம் பேருந்தில் ஒத்திகை பார்த்தேன். பலூன், கப்பி, அரோவானா எல்லாம் வரிசையாக இருந்தன. யுவராணி தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

"அறுபதும் நூத்தி இருபதும் பொய்ங்க மேடம்" என்றேன். "அது குறி மறைஞ்ச நேரமில்ல. நான் வாட்ச்சப் பாத்துக் கத்தினேன். இவளுக்குத் தெரியாது. இவ ஸ்டாப்வாட்ச்சப் பாத்துக்கிட்டிருந்தா."

யுவராணி நிமிர்ந்தாள். "சித்தப்பா!"

"இரும்மா" என்றார் மேடம். "குடுவையையும் பாத்துக்கிட்டு வாட்ச்சையும் எப்டிப் பாத்தீங்க?"

"இடது கண்ணால வாட்ச்சுங்க."

"வலது கண்ணு?"

"அது குடுவைப் பக்கம் இருந்துச்சுங்க. சும்மா."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. நோட்டில் பழைய பக்கங்களைப் புரட்டினார். "அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை எடுத்தீங்களே, கோடு ஒடிஞ்சுதே, அதுவும் பொய்யா?"

"அம்மா சத்தியமா இல்லைங்க. அது ரெண்டும் கண்ணுக்குத் தெரிஞ்சபடி சொன்னதுங்க."

"எந்தக் கண்ணுக்கு?"

பக்கத்து வகுப்பில் யாரோ மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இருபது மில்லிக்கு ஆகிற நேரம் நின்றிருப்பேன்.

"மொத மூணுக்கு இடது. பின்ன ரெண்டுக்கு வலது. வலது கண்ணுல..." வெள்ளைச் சட்டைப் பொத்தானைத் திருகினேன். "வலது கண்ணுல ஒரு வருஷமா சரியா தெரியலைங்க மேடம். பால் ஊத்தின மாதிரி இருக்குது. யார்கிட்டயும் சொல்லல."

திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். "யுவராணி, அந்த ஆசிட் பாட்டிலை எடு. ஹைப்போவும் எடு. ஓரமா, காத்து வர்ற பக்கமா வை. உக்காருங்க சார்."

சார் என்றார். இதை நான் கூட்டி எழுதவில்லை.

என் கைக்குட்டையை மடித்து வலது கண்ணைக் கட்டினார்கள். இடது கண்ணால் ஐந்து அளவும் பார்த்தேன். இருபத்துநாலு, முப்பது, நாற்பது, அறுபத்தொன்று, நூற்றுப்பத்தொன்பது. பிறகு கைக்குட்டையை இடது கண்ணுக்கு மாற்றினார்கள். கைக்கடிகாரத்தை மேடம் முதலிலேயே கழற்றி வாங்கித் தன் மேஜை டிராயரில் வைத்துவிட்டார்.

பதினெட்டு. இருபத்துமூன்று. முப்பது. நாற்பத்தைந்து. தொண்ணூற்றொன்று.

யுவராணி நின்றபடியே கணக்குப் போட்டாள். திடீரென்று, "மேடம், ரெண்டுமே ஒண்ணு!" என்றாள்.

"ஏன்?"

"கண்ணு மங்கலா இருந்தா குறி சீக்கிரம் மறைஞ்சுடுது. ஆனா அஞ்சுலயும் ஒரே மாதிரி முக்கால்வாசி நேரத்துல மறையுது. அதனால பாதியாக்கினா அப்பவும் ரெண்டு மடங்குதான். சாய்வு மாறாது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கண்ணு கெட்டது தப்பில்ல மேடம். நடுவுல கண்ண மாத்துனதுதான் தப்பு."

மேடம் கிராஃப் தாளைத் தானே எடுத்துக் கொடுத்தார். யுவராணி இரண்டு கோடு போட்டாள். ஒன்று மேலே, ஒன்று கீழே, தண்டவாளம் மாதிரி சேர்ந்தே ஓடின. "இத அப்படியே எழுது. பழசு, பொய், எல்லாத்தையும் சேத்து எழுது. பார்வையாளர்னு ரெண்டு வரி போடு" என்றார். என்னிடம் திரும்பி, "பொய் ரீடிங் இன்னொரு தடவை குடுத்தீங்கன்னா உள்ள விட மாட்டேன்" என்றார். இன்னொரு தடவையும் கூப்பிடுவார் போலிருக்கிறது.

பேருந்தில் யுவராணி ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். பெரம்பூர் தாண்டியதும் என் முழங்கையைத் தட்டி, "ஒரு வருஷமா சித்தப்பா?" என்றாள். பிறகு, "சித்திகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

வீட்டுக்கு வந்து நான்தான் சொன்னேன். பாக்கியம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"டீ டம்ளருக்குப் பக்கத்துல இருக்கற காத்தப் புடிச்சப்பவே தெரியும்யா எனக்கு. நீயா சொல்லுவன்னு பாத்தேன். கூப்ட்டா அரோவானா வருமாம், இது மட்டும் வாயில வராதாம்."

மார்ச் 3, திங்கள்

ப்ராஜெக்ட் உள்ளே போய்விட்டது. நாற்பத்திரண்டு பக்கம், கறுப்பு அட்டை, தங்க எழுத்து. ஒன்பதாம் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது: 'பார்வையாளர் ஒன்று: திரு. வேதகிரி, இடது கண். பார்வையாளர் இரண்டு: திரு. வேதகிரி, வலது கண்.' ஒரே ஆளை இரண்டு விஞ்ஞானியாகப் போட்டிருக்கிறார்கள். ஜெராக்ஸ் எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினேன். பேங்க் ஆபீசர் வந்தால் படிக்கட்டும்.

பாக்கியம் இன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள். வாய்மொழித் தேர்வு முடியட்டும், வலது கண்ணை ஒருவேளை மறுபடி கூப்பிடலாம், இந்த நிலைமையில் இன்னொன்று கிடைக்காது என்றேன். கரண்டியை ஓங்கினாள். ஆனால் ஒப்புக்கொண்டாள்.

மார்ச் 10, திங்கள்

வாய்மொழித் தேர்வு. வெளிக்கல்லூரியிலிருந்து ஒரு பெரிய புரொபசர். யுவராணி உள்ளே போனாள். நான் வேப்பமரத்தடியில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். தின்னவில்லை, பொட்டலத்தைக் கையில் வைத்திருந்தேன்.

அரைமணி கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். அந்த புரொபசர் நாற்காலியை விட்டு எழுந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களைப் போல ஒருவர் எல்லாக் கல்லூரியிலும் வேண்டும்" என்று கண் கலங்கினார்.

யுவராணி இதைப் படித்துவிட்டுத் திருத்தச் சொல்கிறாள். அவர், "இவர்தானா அது?" என்று கேட்டுவிட்டு, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னாராம். இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

இதில் மட்டும் இரண்டு கருத்து இல்லை: யுவராணி பாஸ். பொய் ரீடிங்கைப் பொய் என்று எழுதின முதல் ப்ராஜெக்ட் இது என்று ஹெப்சிபா மேடம் சொன்னாராம். படிக்கட்டு இறங்கும்போது யுவராணி என் வலது பக்கமாக வந்து நின்றுகொண்டாள். நான் கேட்கவில்லை. அந்தப் பக்கம் படி தெரியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

கண் ஆஸ்பத்திரி. பெஞ்சில் எனக்கு முன்னால் நாலு பேர்.

சுவரில் எழுத்து மாட்டியிருந்தார்கள். பெரியதிலிருந்து சின்னதாக. எனக்கு முன்னால் போன ஒவ்வொருவரும் சத்தமாகப் படித்தார்கள். நாலாவது ஆள் முடிப்பதற்குள் ஐந்து வரியும் எனக்கு மனப்பாடம். மேல் வரி ட, ப. அடுத்தது ம, ல, ய. என் ஞாபகசக்தியைப் பற்றி இந்த டைரியில் எங்கும் எழுதவில்லை, அதுவே ஒரு தனி டைரி வரும்.

வெள்ளை கோட்டு போட்ட சின்னப் பெண் என் இடது கண்ணை ஒரு அட்டையால் மூடினாள். "மேல இருக்கற எழுத்து சொல்லுங்க ஐயா."

ஒரு சாண் தூரத்தில் பெருக்கல் குறி தெரிந்த கண்ணுக்கு, இத்தனை தூரத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. அவ்வளவுதான். ட, ப என்பது நாக்கு நுனியில் நின்றது. பாக்கியம் கதவோரம் பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் பக்கம் பார்த்தேன். அந்தக் கண்ணுக்கு அவளும் ஒரு வெள்ளைதான்.

"தெரியலைம்மா" என்றேன்.

"இது?"

"தெரியல."

அட்டையை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். "என் கையில எத்தனை விரல்?"

"கை இருக்கா?"

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு குனிந்து, நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டாள். ஆபரேஷனுக்குச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பயமாக இருக்கிறது.